ஓடிப்போகும் எண்களும் உன் அத்தானும்

பொருள்: நீ அனுப்பிய நாற்பது வரி புரோகிராம், அதனால் இந்த வீட்டில் நேர்ந்த விளைவுகள் தொடர்பாக.
பார்வை: உன் கடிதம், நாள் குறிப்பிடப்படாதது.

அன்புள்ள தம்பிக்கு,

உன் அக்கா எழுதுவது. நானும் உன் அத்தானும் இங்கே சுகமாக இருக்கிறோம். "சுகமாக" என்று தட்டும்போது கை கொஞ்சம் நின்றது, ஏன் என்பது போகப்போக விளங்கும். நீயும் உன் மனைவியும் அங்கே சுகம் என்று நம்புகிறேன். நம்பத்தான் முடியும், போன் செய்தால் நீ எடுப்பதில்லையே. பத்திரப் பதிவு அலுவலகத்தில் முப்பத்தோரு வருடம் தட்டச்சு செய்தவள் நான், எதையும் முதலிலிருந்து முறையாக எழுதித்தான் பழக்கம். ஆகையால் நடுவில் எழுந்து போகாமல் படிக்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.

நான் ஓய்வுபெற்ற மறுவாரமே தினம் மூன்று வேளை உனக்குப் போன் செய்ய ஆரம்பித்தேன் என்பதை மறுக்கவில்லை. காலையில் என்ன செய்கிறாய், மத்தியானம் என்ன செய்தாய், சாயங்காலம் என்ன செய்யப் போகிறாய் என்று கேட்டேன். கூடப் பிறந்தவள் கேட்கக் கூடாதா? அதற்கு நீ, "அக்கா, உனக்கு ஒரு வேலை தருகிறேன், அதை முடித்துவிட்டுக் கூப்பிடு" என்று நாற்பது வரியைத் தாளில் எழுதித் தபாலில் அனுப்பினாய். ஃப்ராக்டல் என்று அதற்குப் பெயராம், உள்ளே போகப் போகத் தீராத படமாம். நீ விட்டுப்போன பழைய கம்ப்யூட்டரில் ஓடுமாம். கல்லூரியில் கணக்குச் சொல்லிக்கொடுக்கிறவன் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று நானும் உட்கார்ந்தேன்.

நான் எதையும் புரிந்துகொண்டு தட்டச்சு செய்கிறவள் அல்ல. புரிந்துகொள்ளப் பார்த்தால் பிழை வந்துவிடும். அதனால் "அன்புள்ள அக்காவுக்கு" என்பதிலிருந்து "இப்படிக்கு" வரை ஒரு புள்ளி விடாமல் அடித்தேன். முதல் வரியே பிழை என்றது. நீ என்னிடம் அன்பாக எழுதிய ஒரே வரி அதுதான், அதையும் எடுத்துவிட்டேன். அதற்குப் பிறகு ஒரு விண்டோ திறந்தது, முழுக்கக் கறுப்பு. பஸ் ஓட்டிய உன் அத்தான் எட்டிப் பார்த்து, "என்ன, நைட் சர்வீஸா?" என்று கேட்டுவிட்டுப் போய்விட்டார். இரண்டு நாள் கழித்துத்தான் தெரிந்தது, எண் ஓடிப்போயிற்றா என்று பார்க்கிற வரியையே நான் தாண்டிவிட்டிருந்தேன். அந்த இரண்டு நாளில்தான் வேறு வழியில்லாமல் உன் கடிதத்தைப் புரிந்துகொண்டு படித்தேன். திரையில் உள்ள ஒவ்வொரு புள்ளிக்கும் ஒரு எண். அதை அதனாலேயே பெருக்கி, முதலில் இருந்ததைக் கூட்டி, வந்ததை மறுபடி பெருக்கி, மறுபடி கூட்டி, இப்படியே சுற்ற வேண்டும். எண் கட்டுக்கடங்காமல் பெரிதாகி ஓடிப்போனால், எத்தனையாவது சுற்றில் ஓடியது என்று பார்த்து அதற்கு ஒரு நிறம். ஓடாமல் அங்கேயே கிடந்தால் கறுப்பு. ஓடிப்போனவர்களுக்குத்தான் அலங்காரம், வீட்டோடு கிடப்பவர்களுக்குக் கறுப்பு. நம் குடும்பத்திலும் அப்படித்தானே என்று நினைத்துக்கொண்டேன், உன்னைச் சொல்லவில்லை.

விட்ட வரியைச் சேர்த்ததும் படம் வர ஆரம்பித்தது. மேலிருந்து ஒவ்வொரு கோடாக இறங்கியது, பதினோரு நிமிடம். மெஷினுக்குள் இருக்கிற விசிறி போட்ட சத்தத்தில் தீப்பிடிக்கப் போகிறது என்று பயந்து ஒரு தடவை பிளக்கைப் பிடுங்கினேன், மறுபடி முதலிலிருந்து பதினோரு நிமிடம். முடிந்தபோது பார்த்தால், படுத்துக் கிடக்கிற ஒரு வண்டு, அதன் உடம்பெல்லாம் முடி, அந்த முடியின் நுனியில் இன்னொரு குட்டி வண்டு. கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து தனியாகக் கை தட்டினேன் தம்பி. முப்பத்தோரு வருடம் வடக்கே இன்னார் வீடு, தெற்கே பொது வழி என்று மற்றவர்கள் நிலத்துக்கு நான்கு எல்லையும் அடித்துக் கொடுத்தவள் நான். எல்லையை எழுதியே முடிக்க முடியாத ஒரு நிலத்தை அன்றைக்குத்தான் பார்த்தேன், அதுவும் நான் அடித்ததிலிருந்து வந்தது. அந்தச் சந்தோஷத்தில் உனக்குப் போன் செய்தேன். நீ எடுக்கவில்லை. அதையும் குறித்து வைத்திருக்கிறேன்.

இங்கே உன் அத்தானைப் பற்றிச் சொல்லாமல் மேலே போக முடியாது. நெடுந்தூர பஸ் ஓட்டி ஓய்வுபெற்று ஒன்றரை வருடம் ஆகிறது. இறங்கினதிலிருந்து மனுஷர் தெருவைப் பார்த்த நாற்காலியில் உட்கார்ந்து, போகிற பஸ் எல்லாம் எந்த இடத்தில் தப்பாக கியர் மாற்றுகிறது என்று காதாலேயே கண்டுபிடித்துத் திட்டுவதே வேலை. அப்புறம் நம் தெருமுனைப் பள்ளிக்கூடத்துத் தலைமை டீச்சர் வந்து, "அடுத்த பருவத்துலேர்ந்து எங்க வேனை ஓட்டிக் கொடுக்கிறீங்களா? உங்களை நம்பிப் பிள்ளைங்களை ஏத்தலாம்" என்று கேட்டார். அன்றைக்கே பழைய காக்கிச் சட்டையைத் தானே துவைத்துத் தானே இஸ்திரி போட்டார். கல்யாணம் ஆனதிலிருந்து அந்த இஸ்திரிப் பெட்டி எங்கே இருக்கிறது என்றே தெரியாத மனுஷர். "முப்பத்துநாலு வருஷம், ஒரு கோழி மேலகூட ஏத்தினதில்லை" என்று வருகிறவர் போகிறவர் எல்லோரிடமும் சொன்னார். கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள் என்று யாராவது சொன்னால் போச்சு, "டிரைவர் கண்ணு, அதுக்கு எதுக்குக் கண்ணாடி?" என்பார்.

அவரைப் படத்துக்குள் இழுத்துவிட்டது நான்தான், ஒத்துக்கொள்கிறேன். உன் இரண்டாவது தாளில் இருந்தபடி, மவுஸால் ஒரு கட்டம் போட்டால் அந்த இடம் பெரிதாகிற மாதிரி செய்திருந்தேன். "சும்மா ஒரு கட்டம் போட்டுப் பாருங்க" என்றேன். போட்டார். உள்ளே போனார். மறுபடி போட்டார். அப்புறம் முகத்தைச் சுளித்துக்கொண்டு, "என்னம்மா வண்டி இது? லெஃப்டுல ஒடிச்சா லெஃப்டுல போகுது, மேல ஏத்தினா கீழ இறங்குது?" என்றார். பார்த்தால் உண்மைதான். மேலும் கீழும் மாறிக் கிடந்திருக்கிறது. முழுப் படத்தில் மேல்பாதியும் கீழ்பாதியும் ஒரே அச்சு என்பதால் எனக்கு அது தெரியவே இல்லை, உனக்கும் தெரியவில்லை, நீ எழுதியதே அப்படி. கணக்கு வாத்தியார் விட்ட பிழையை பஸ் டிரைவர் பிடித்தார் என்று உன் மனைவியிடம் சொல்லு, இல்லாவிட்டால் நான் சொல்கிறேன்.

அதைத் திருத்திக் கொடுத்த பிறகு அவரை அந்த நாற்காலியிலிருந்து எழுப்ப முடியவில்லை. காலையில் குளித்து, தலை வாரி, காக்கிச் சட்டை போடாத குறையாக வந்து உட்காருவார். கட்டம் கட்டமாக உள்ளே போவார். ஒவ்வொரு படமும் வருவதற்குள் நான் இரண்டு அறையைப் பெருக்கி முடித்துவிடுவேன். திரும்பி வர வழி இல்லை என்று கத்தினார், பின்னால் போக ஒரு பட்டன் வைத்தேன். நல்ல இடம் தொலைந்து போகிறது என்றார், சேமிக்க ஒரு பட்டன் வைத்தேன். ஒரு நாள் படம் பெரிய பெரிய சதுரமாக உடைந்து போயிற்று. "ரோடு முடிஞ்சு போச்சு, இதுக்கு மேல தார் போடலை" என்றார். உன்னிடம் கேட்டால், கம்ப்யூட்டர் ஒரு எண்ணுக்கு வைத்திருக்கிற இலக்கம் அவ்வளவுதான், அதற்கு மேல் நுணுக்கமாக அதற்குக் கணக்குத் தெரியாது என்று எழுதினாய். அவரிடம் சொன்னேன். "நான்தானே கடைசி வரைக்கும் போனேன்?" என்று மட்டும் கேட்டுக்கொண்டார். அவருக்கு அது போதும்.

இதெல்லாம் நல்லபடியாகப் போய்க்கொண்டிருக்கும்போதுதான் பனி வந்தது. பனி என்று சொன்னது அவர்தான். "படம் பனி மூட்டமா இருக்கும்மா, கண்ணாடியைத் துடை" என்றார். திரையைத் துடைத்தேன். பனி போகவில்லை. வெள்ளைக்கு ஓரத்தில் எல்லாம் வளையம் வளையமாகத் தெரிகிறது, எதிர்ல வர்ற லாரி ஹெட்லைட் மாதிரி கூசுது என்றார். நான் புரோகிராமைத் திறந்து நிறம் போடுகிற வரிகளை எல்லாம் எழுத்தெழுத்தாகச் சரி பார்த்தேன், ஒரு குறையும் இல்லை. உனக்கு எழுதினேன். நீ ஒரே வரியில், "நிறத்தை அழுத்தமாக்கு அக்கா" என்று பதில் போட்டாய். சரி என்று மஞ்சளை ஆரஞ்சாக்கினேன், ஆரஞ்சைச் சிவப்பாக்கினேன். அடுத்த நாள், "நீலமே இல்லையேம்மா, ஒரு இடத்துல கூட" என்றார். "இருக்கே, இதோ இருக்கே, பாதி படம் நீலம்தானே?" என்றேன். "அது சாம்பல்" என்றார். "நீலங்க." "சாம்பலும்மா, எனக்குத் தெரியாதா?" நாற்பது வருட தாம்பத்தியத்தில் எங்களுக்குள் பணத்துக்கும் சண்டை வந்ததில்லை, சொந்தக்காரர்களுக்கும் சண்டை வந்ததில்லை, நீலத்துக்கு வந்து அரை நாள் பேசாமல் இருந்தோம். கடைசியில் நான்தான் இறங்கிப் போய், இருக்கிற நீலத்திலேயே பெரிய நீலத்தைப் போட்டேன். இப்படியே பத்து நாள். அவர் பனி என்பார், நான் ஒரு படி ஏற்றுவேன்.

மாடியில் குடியிருக்கிற போட்டோ ஸ்டூடியோக்காரம்மா ஒரு நாள் சாவி கொடுக்க வந்தாள். கல்யாணப் படங்களுக்கு நிறம் திருத்துவதுதான் அவள் வேலை. திரையைப் பார்த்ததும் இரண்டு அடி பின்னால் போய்விட்டாள். "என்னக்கா இது, கண்ணுல சோப்புத் தண்ணி விட்ட மாதிரி! யாருக்காக்கா இவ்ளோ அழுத்தமா போட்டீங்க?" என்றாள். எனக்கு அப்படி ஒன்றும் தெரியவில்லை, கொஞ்சம் பளிச்சென்று இருந்தது, அவ்வளவுதான். "இவருக்கு" என்றேன். அவள் அவரைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், சாவியை மேஜையில் வைத்துவிட்டுக் கிளம்பினாள். படிக்கட்டில் பாதி வரை போய்த் திரும்பி நின்றாள், எங்கள் இரண்டு பேரையும் இன்னொரு தடவை பார்த்துவிட்டுப் போனாள்.

மறுநாள் காலையில் நடந்தது இது. உன் அத்தானுக்கு ஒரு தும்மல் வந்தது. தும்மிவிட்டுக் கைக்குட்டையால் வலது கண்ணைத் துடைத்துக்கொண்டே திரையைப் பார்த்தவர், "கரண்ட் போச்சா?" என்று கேட்டார். தம்பி, தலைக்கு மேலே ஃபேன் ஓடிக்கொண்டிருக்கிறது. திரையில் சிவப்பும் நீலமும் கொட்டிக் கிடக்கிறது. அவர் கண்ணிலிருந்து கைக்குட்டையை எடுத்தார். திரையைப் பார்த்தார். மறுபடி வலது கண்ணை மூடினார். திறந்தார். இடது கண்ணை மூடினார். திறந்தார். வண்டியை எடுப்பதற்கு முன்னால் இந்தப் பக்கக் கண்ணாடி, அந்தப் பக்கக் கண்ணாடி என்று பார்ப்பாரே, அதே மாதிரி நிதானமாக மூன்று தடவை பார்த்தார். அப்புறம் மவுஸை மெதுவாகத் தள்ளி வைத்துவிட்டு, தெருவைப் பார்த்த நாற்காலியில் போய் உட்கார்ந்துகொண்டார். பஸ் போச்சு, திட்டவில்லை. இன்னொன்று போச்சு, அதையும் திட்டவில்லை.

எனக்கு என்ன பண்றதுன்னே தெரியலை தம்பி. பள்ளிக்கூடம் திறக்க மூணு வாரம்தான் இருந்தது. கண்ணு சரியில்லைன்னு நான் வாயைத் திறந்தா வேன் போச்சு, வேன் போனா மனுஷர் பழையபடி அந்த நாற்காலியிலேயே காலத்தைக் கழிப்பார். வாயைத் திறக்கலைன்னா இருபது பிள்ளைங்க. அடுப்படியில நின்னுக்கிட்டு சொல்லலாமா வேண்டாமான்னு நான் கரண்டியும் கையுமா தவிச்சுக்கிட்டு இருக்கேன், வாசல்ல செருப்புச் சத்தம் கேட்குது. எட்டிப் பார்த்தா இஸ்திரி போட்ட காக்கிச் சட்டையைப் போட்டுக்கிட்டுக் கிளம்பிட்டார். நான் பின்னாடியே ஓடினேன். நேராப் பள்ளிக்கூடத்துக்குப் போய், தலைமை டீச்சர் முன்னாடி நின்னு, "அம்மா, என் இடது கண்ணுல பார்வை இல்லை. இத்தனை நாளா ஒத்தைக் கண்ணாலதான் பார்த்துக்கிட்டு இருந்திருக்கேன், எனக்கே இன்னைக்குத்தான் தெரியும். இந்தக் கண்ணை வச்சுக்கிட்டு உங்க பிள்ளைங்களை நான் ஏத்த மாட்டேன். வேற ஆளைப் பாருங்க" என்றார். குரல் ஒரு இடத்துலயும் நடுங்கலை. அந்தம்மா, "முதல்ல கண்ணைக் காட்டுங்க. டாக்டர் ஓட்டலாம்னு எழுதிக் கொடுத்தா ரெண்டு மாசம் கழிச்சு வாங்க, அதுவரைக்கும் நான் தற்காலிகமா ஒருத்தரை வச்சுக்கிறேன்" என்றார். வீட்டுக்கு வர்ற வழியெல்லாம் உன் அத்தான் என் கையைப் பிடிச்சுக்கிட்டு வந்தார். ரோட்டைக் கடக்கறதுக்காகன்னு சொன்னார். ரோட்டைக் கடந்த பிறகும் விடலை.

கண் டாக்டரம்மா டார்ச் அடிச்சுப் பார்த்துட்டு, இடது கண்ணுல புரை நல்லா முத்திப் போச்சு, வலதுலயும் ஆரம்பிச்சிருக்கு, எப்படி இத்தனை நாள் தெரியாம இருந்தீங்கன்னு கேட்டார். "பனின்னு நினைச்சேன்" என்றார் இவர். ஆபரேஷனுக்கு முன்னாடி ராத்திரி சேவ் பண்ணின படம் எல்லாத்தையும் என்னை எண்ணச் சொன்னார், நூத்திப் பதினாலு. ஏதாவது ஆச்சுன்னா இதெல்லாம் யாருக்குன்னு கேட்டார். கண்ணுலதாங்க ஆபரேஷன், உயிரை விடப் போற மாதிரி பேசாதீங்கன்னு அதட்டிட்டு, நான் குளியலறைக்குப் போய்க் குழாயைத் திறந்து விட்டுட்டு அழுதேன். உனக்குப் போன் பண்ணினேன். அன்னைக்கு மட்டும் நீ எடுத்தே. அதுக்காகத்தான் மத்ததையெல்லாம் மன்னிச்சிருக்கேன்.

இடது கண்ணு ஆபரேஷன் அரை மணி நேரம் கூட இல்லை. மறுநாள் கட்டைப் பிரிச்சு வீட்டுக்குக் கூட்டிக்கிட்டு வந்தேன். உள்ள வந்ததும் முதல்ல மேல பார்த்தார். "அந்த ஃபேன்ல என்ன அவ்ளோ தூசி?" அப்புறம் சுவரைப் பார்த்தார். "இது வெள்ளையா? நாம கிரீம் கலர்ல அடிச்சதாத்தானே நினைச்சுக்கிட்டு இருந்தேன்?" அப்புறம் என்னைப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். "உனக்கு இவ்ளோ நரை எப்போ வந்தது?" என்றார். "நீங்க கேட்ட நீலத்தைத் தேடினதுல வந்தது" என்றேன். அப்புறம் கம்ப்யூட்டரைப் போட்டேன். நம்ம வண்டு, நான் பத்து நாள் ஏத்தி ஏத்தி வச்ச நிறத்தோட வந்து நின்னுச்சு. உன் அத்தான் நாற்காலியோட பின்னாடி சாஞ்சார். "ஐயையோ! என்னம்மா இது, சாயப்பட்டறை வெடிச்சுப் போச்சா?" என்று கத்தினார். சத்தம் கேட்டு மாடியிலிருந்து போட்டோக்காரம்மா ஓடி வந்தாள், அவளும் அவரும் சேர்ந்து சிரிச்ச சிரிப்பு இருக்கே, எனக்குக் கோபம் கோபமா வந்தது. யாருக்காகப் போட்டேன்? அப்புறம் அவர் சிரிப்பை நிறுத்திட்டு, வலது கண்ணை மூடிக்கிட்டு இடது கண்ணால மட்டும் கிட்டப் போய்ப் பார்த்தார். "இதுதான் நீ சொன்ன நீலமா?" என்று கேட்டார். ஆமாங்க என்றேன். "தப்பு என் மேலதான். இது நீலம்தான்" என்றார். நாற்பது வருஷத்துல அவர் வாயால தப்பு என் மேலதான்னு நான் கேட்டது அது ஒண்ணுதான் தம்பி. தேதி எழுதி வச்சிருக்கேன்.

இதோட கதை முடிஞ்சிருந்தா நான் ஏன் உனக்கு எழுதப் போறேன்? இப்போ அவருக்கு எல்லாம் தெரியுது. பாத்திரத்துல ஒட்டின கரி தெரியுது, ஜன்னல் கம்பித் துரு தெரியுது, நான் கோலமாவு டப்பாவுல உப்பு வச்சிருக்கிறது தெரியுது. வேன் ஓட்ட டாக்டர் இன்னும் எழுதிக் கொடுக்கலை, அதுவரைக்கும் நூத்திப் பதினாலு படத்தையும் பழைய நிறத்துல மறுபடி போடணும்ங்கிறார். ஒவ்வொண்ணும் பதினோரு நிமிஷம். இந்த ஊதா கொஞ்சம் குறை, அந்தப் பச்சையில ஒரு சொட்டு மஞ்சள் விடுன்னு பின்னாடியே நிக்கிறார், ஒரு மேலதிகாரி கூட என்னை இப்படி வேலை வாங்கினதில்லை. நான் ஓய்வுபெற்றவளா இல்லையா? ஆகையால், முறைப்படி கேட்டுக்கொள்வது என்னவென்றால், வருகிற ஞாயிற்றுக்கிழமை நீ நேரில் வந்து, இந்தப் புரோகிராமை இந்தக் கம்ப்யூட்டரிலிருந்து அடியோடு அழித்துவிட்டு, அத்தானுக்குச் சீட்டாட்டமோ செய்தித்தாளோ ஏதாவது ஒன்றைப் பழக்கிவிட்டுப் போகவும். வராவிட்டால் நானே அழித்துவிடுவேன் என்பதை இதன்மூலம் தெரிவித்துக்கொள்கிறேன்.

நீயும் உன் மனைவியும் நோய்நொடி இல்லாமல், போன் அடித்தால் எடுக்கிற நல்ல குணத்தோடு, நீண்ட காலம் நன்றாக இருக்க வேண்டும். அவளிடம் என் அன்பைச் சொல்லு. அத்தான் உன்னை விசாரித்தார், மேலும் கீழும் மாறிப் போட்டதை மறக்கவில்லை என்றும் சொல்லச் சொன்னார்.

இப்படிக்கு,
உன் மேல் உயிரையே வைத்திருக்கும்
அக்கா

பின்குறிப்பு: கடிதத்தை உறையில் போட்ட பிறகு பிரித்து எழுதுகிறேன். இன்று உன் அத்தானின் வலது கண்ணைப் பார்க்க டாக்டரம்மாவிடம் போனோம். சும்மா துணைக்கு வந்து உட்கார்ந்திருந்தவளை, "நீங்களும் ஒரு தடவை வாங்க" என்று கூப்பிட்டு டார்ச் அடித்துப் பார்த்தார். எனக்கு இரண்டு கண்ணிலும் புரை இருக்கிறதாம். ஆரம்பம் இல்லையாம், நடுவாம். ஆகவே மேலே நான் சிவப்பு, நீலம், பளிச் என்று எழுதியிருக்கிற எதையும் ஆதாரமாக எடுத்துக்கொள்ள வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை நீ வர வேண்டாம், ஒன்றையும் அழிக்கவும் வேண்டாம். அடுத்த மாதம் எனக்கு ஆபரேஷன். நான் செய்த படத்தை நான் இன்னும் பார்க்கவே இல்லை தம்பி.